நமக்கு அங்கே ஓட்டு இல்லை, ஆனாலும் சண்டை உண்டு! - மதுரை இரவுகளில் அமெரிக்க அரசியல்

மதுரைக்குத் 'தூங்கா நகரம்' என்று பெயர் வைத்தவர்கள் ஸ்மார்ட்போனை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். கோடைக்காலத்தில் இங்கே இரவு பத்தரை மணி என்றால், நியூயார்க்கில் மதியம் ஒரு மணி. நம்ம ஊரில் கொத்துப் பரோட்டா சத்தம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், அங்கே ஒருவர் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே மொபைலை எடுக்கிறார். 'டிரம்ப் செய்ததுதான் சரி' என்று ஒரே ஒரு வரி தட்டிவிடுகிறார். அவ்வளவுதான். கே.கே.நகரிலிருந்து ஒரு பதில், திருமங்கலத்திலிருந்து இன்னொரு பதில், டெக்சாஸிலிருந்து நீளமாக ஒரு கட்டுரை!

ஆன்லைன் கேமில் பழகியவர், படிப்புக்காகச் சேர்ந்த குரூப்பில் அறிமுகமானவர், ஒரே ஹீரோவின் ரசிகர் என்பதால் நட்பானவர் என்று இவர்களில் பலரை நாம் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால், நள்ளிரவு வரை விவாதம் இவர்களோடுதான்.

"உனக்கு அங்க ஓட்டா இருக்கு? எதுக்குடா இந்த வேலை, படுத்துத் தூங்கு!" என்பது வீட்டில் அம்மாக்கள் சொல்வது. நியாயமான கேள்விதான். ஆனால், 2025-க்குப் பிறகு இதற்குப் பதில் சொல்வது அத்தனை சுலபமில்லை.

முதலில் ஊர்ப்பாசம்!

தமிழ்நாட்டில் அமெரிக்கத் தேர்தல் வீட்டுப் பேச்சாக மாறியதற்கு ஒரு கிராமம் முக்கியக் காரணம். திருவாரூர் மாவட்டம், மன்னார்குடி பக்கத்தில் இருக்கும் துளசேந்திரபுரம். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி.கோபாலன் பிறந்த ஊர் அது. அவருடைய மகள் ஷியாமளா 1958-ல், 19 வயதில், மேல்படிப்புக்காக கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த ஷியாமளாவின் மகள் 2020 தேர்தலில் துணை அதிபராக ஜெயித்தபோது, துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். 2024-ல் அவர் அதிபர் வேட்பாளரானபோது ஊரில் பேனர் வைத்து, அங்குள்ள தர்மசாஸ்தா கோயிலில் சிறப்புப் பூஜையும் நடத்தினார்கள்.

முடிவு நமக்குத் தெரியும். 312-க்கு 226 என்ற கணக்கில் டிரம்ப் ஜெயித்தார். அந்த நாள்களில் நடந்த ஆன்லைன் சண்டைகளைக் கவனித்திருந்தால் ஒன்று புரியும். "நம்ம ஊர்ப் பொண்ணு" என்று ஒரு தரப்பு. "துணை அதிபர் வேட்பாளர் வான்ஸோட மனைவி உஷாவுக்கும் பூர்வீகம் ஆந்திராதானே, பக்கத்து மாநிலம்தானே" என்று எதிர்த்தரப்பு. வரி, விசா, வேலை, போர் என்று கொள்கையைத் தொட்டுப் பேசியவர்கள் குறைவு. கிட்டத்தட்ட ஐ.பி.எல் மாதிரிதான். டீம் பிடித்திருந்தால் போதும்.

பிறகு வீட்டுக்குள் வந்தது

2025 ஆகஸ்ட்டில் ஆட்டம் மாறியது. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா முதலில் 25 சதவிகித வரி விதித்தது. ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவிகிதம் சேர்ந்தது. மொத்தம் 50. அதே சமயம் பின்னலாடைத் தொழிலில் நமக்குப் போட்டியாக இருக்கும் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவிகிதம்தான்.

இந்த வரியை அமெரிக்க சுங்கத்துறையிடம் கட்டுவது அங்கே சரக்கை இறக்குமதி செய்யும் நிறுவனம். "அப்போ நமக்கென்ன நஷ்டம்?" என்று பல குரூப்களில் கேட்டார்கள். அந்த நிறுவனம் சும்மா இருக்காதே! ஒன்று, திருப்பூர்காரரிடம் விலையைக் குறைக்கச் சொல்லும். இல்லையென்றால் அங்கே கடையில் டி-ஷர்ட் விலையை ஏற்றும். அதுவும் முடியாவிட்டால் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிடும். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளை நம்பியிருக்கின்றன. தூத்துக்குடியின் இறால் ஏற்றுமதிக்கும் அமெரிக்கா பெரிய சந்தை. அன்றைக்கு வரியைப் பற்றி வாதாடியவர் வெட்டி அரட்டை அடிக்கவில்லை. தன் சித்தப்பாவின் ஓவர்டைம் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு ராத்திரிப் பதற்றம்

அடுத்த மாதமே இன்னொன்று. 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. ஹெச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் கையெழுத்திட்டார். நம்ம கணக்கில் அன்றைக்குச் சுமார் 88 லட்சம் ரூபாய். நமக்கு அது நள்ளிரவு நேரம். லீவுக்கு ஊருக்கு வந்திருந்தவர்கள் பதறிப்போனார்கள். 'ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள்', 'வருஷா வருஷம் கட்டணுமாம்' என்று ஃபார்வேர்டுகள் பறந்தன. பெரிய ஐ.டி நிறுவனங்களே தங்கள் ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லின. விமானத்தில் ஏறியவர்கள்கூட இறங்கிய கதைகள் வந்தன.

மறுநாளே வெள்ளை மாளிகை விளக்கம் கொடுத்தது. இது ஒருமுறைக் கட்டணம்தான், புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை. ஆனால், அந்த ஒரு நாள் இடைவெளியில் எத்தனை குரூப்களில் எத்தனை சண்டை! "நீதானே டிரம்ப்புக்கு ஜே போட்ட, இப்ப அனுபவி" என்று அங்கே இருப்பவரைப் பார்த்து இங்கிருந்து எழுதியவர்கள் உண்டு. பாதித் தகவலில் எடுத்த கோபத்துக்கு, முழுத் தகவல் வந்த பிறகு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

அவருக்கும் ஓட்டு இல்லை!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட குடியுரிமை வேண்டும். ஹெச்-1பி-யில் இருப்பவருக்கு ஓட்டு இல்லை. கிரீன் கார்டு வாங்கியவருக்கும் இல்லை. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவிகிதம்தான் என்ற வரம்பு இருப்பதால், இந்தியர்கள் பல ஆண்டுகள் வரிசையில் நிற்கிறார்கள். ஆக, மதுரையிலிருந்து ஒருவரும் நியூஜெர்சியிலிருந்து ஒருவரும் விடிய விடிய மோதும்போது, பல நேரங்களில் இரண்டு பேருக்குமே ஓட்டு கிடையாது!

ஓட்டு இருப்பவர் விஷயத்திலும் நம் ஊர்க் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மொத்தம் 538 தேர்வாளர்கள். 270 பேரைப் பிடிப்பவர் அதிபர். பெரும்பாலான மாநிலங்களில், அந்த மாநிலத்தில் ஜெயிப்பவருக்கே அத்தனை தேர்வாளர்களும். மதுரைத் தொகுதியில் ஒரு ஓட்டில் ஜெயித்தாலும் ஒரு லட்சம் ஓட்டில் ஜெயித்தாலும் கிடைப்பது ஒரே எம்.பி சீட்தான் இல்லையா? அதேபோல கலிஃபோர்னியாவில் எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் கிடைப்பது 54 தேர்வாளர்கள்தான். 2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்கச் சுமார் 28 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றது இதனால்தான். இதைத் தெரிந்துகொண்டால், 'ஓட்டு அதிகம் வாங்கியும் ஏமாத்திட்டாங்க' என்று தொடங்கும் பாதிச் சண்டைகள் நடக்கவே நடக்காது.

டீக்கடைப் பேச்சு காற்றோடு போகும்... இது?

'இங்கு அரசியல் பேசாதீர்' என்று போர்டு மாட்டிய சலூன்களிலும் டீக்கடைகளிலும் உட்கார்ந்து அரசியல் பேசி வளர்ந்தவர்கள் நாம். அங்கே கோபத்தில் எதைச் சொன்னாலும் டீ கிளாஸைக் கழுவும்போது அதுவும் போய்விடும். ஆன்லைனில் எழுதியது போகாது.

2025 மே மாத இறுதியில், மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் தேதிகள் கொடுப்பதை அமெரிக்கா நிறுத்திவைத்தது. ஜூன் மாதம் மீண்டும் தொடங்கியபோது ஒரு புது நிபந்தனை வந்தது. மாணவர் மற்றும் பரிமாற்றத் திட்ட விசா கேட்பவர்கள் தங்கள் சமூக வலைதளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி 'பப்ளிக்' ஆக வைக்க வேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி கேட்பவர்களுக்கும், அவர்களோடு செல்லும் குடும்பத்தினருக்கான ஹெச்-4 விசாவுக்கும் இது விரிவாக்கப்பட்டது. அந்த மாதம் இந்தியாவில் பலருடைய நேர்காணல் தேதிகள் தள்ளிப்போயின.

விசா விண்ணப்பமான டி.எஸ்-160 படிவத்தில், கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைதளப் பெயர்களைக் கேட்பது 2019-லிருந்தே இருக்கிறது. அதை மறைத்தால் விசா மறுக்கப்படலாம், எதிர்காலத்தில் விண்ணப்பிக்கும் தகுதியும் போகலாம் என்று இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் எச்சரித்திருக்கிறது. விசா என்பது உரிமையல்ல, சலுகை என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிலைப்பாடு. பேச்சுச் சுதந்திரத்தைத் தன் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே எழுதிவைத்த நாடு, அடுத்த நாட்டு மாணவரின் கமென்ட்டைப் படித்துப் பார்ப்பது முரண் இல்லையா என்பது விமர்சகர்களின் கேள்வி. இதில் யார் பக்கம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால், மதுரையில் ஒரு பிள்ளை மாஸ்டர்ஸ் படிக்க வங்கிக் கடனுக்கு அலைந்துகொண்டிருக்கும் வீட்டில், இது விவாதத் தலைப்பு இல்லை. கவலை.

அப்படியென்றால் வாயை மூடிக்கொள்வதா?

இல்லை. ஓட்டில்லாதவர்கள் அமெரிக்காவோடு வாதாடுவது நமக்குப் புதிதும் இல்லை. 1962 செப்டம்பரில் 83 வயது ராஜாஜி, காந்தி அமைதி அறக்கட்டளையின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போய், அதிபர் கென்னடியை வெள்ளை மாளிகையில் சந்தித்தார். அவர் பேசியது அங்குள்ள எந்தக் கட்சி நல்லது என்பதை அல்ல. அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்பதைத்தான். சோதனை நடத்துவது வல்லரசு என்றாலும், கதிரியக்கத் தூசி எல்லை பார்க்காமல் எல்லோர் தலையிலும் விழும் என்பதால் அது அவருடைய விஷயமும்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் வான்வெளியிலும் கடலுக்கடியிலும் அணுச் சோதனை செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது ராஜாஜியால்தான் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால், ஓட்டில்லாத ஒருவர் எதைப் பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு அந்தச் சந்திப்பு நல்ல உதாரணம். விஷயம் தெரிந்து பேசினார். நம்மைத் தொடும் இடத்திலிருந்து பேசினார். எதிரில் இருப்பவரை மதித்துப் பேசினார்.

அடுத்த முறை மொபைலில் விரல் துடிக்கும்போது, இதையெல்லாம் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

* உங்கள் பக்கத்திலிருந்து பேசுங்கள்: அவர்கள் ஊர்க் கட்சிகளின் கோஷத்தைக் கடன் வாங்காதீர்கள். வரி என்றால் திருப்பூர், விசா என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளை. இதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அமெரிக்காவில் இருப்பவருக்குத் தெரியாது.

* ஒரு நாள் பொறுங்கள்: ஹெச்-1பி கட்டண விஷயத்தில் 24 மணி நேரம் காத்திருந்தவர்கள் யாரோடும் சண்டை போட வேண்டியிருக்கவில்லை.

* மௌனத்துக்கு மரியாதை கொடுங்கள்: அங்கே இருக்கும் நண்பர் பதில் சொல்லாமல் நழுவினால் 'பயந்துட்டான்' என்று எழுதாதீர்கள். அவருடைய வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி எல்லாமே ஒரு விசா முத்திரையில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அவரை டேக் செய்வது, அவர் நம்பிச் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவது இரண்டும் வேண்டாம்.

* மிரட்டலும் வசையும் வேண்டாம்: விமர்சனம் வேறு, வன்முறையைப் பாராட்டுவது வேறு, ஓர் இனத்தையோ மதத்தையோ திட்டுவது வேறு. விசா இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

* விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்: பயத்தில் பழைய கணக்கைப் படிவத்தில் காட்டாமல் விடுவது, பழைய கமென்ட்டைவிடப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

அமெரிக்காவில் நடப்பது நம் வீட்டுக் கல்லாவையும் பிள்ளைகளின் படிப்பையும் தொடும்வரை, இந்த விவாதங்கள் நிற்கப் போவதில்லை. நிற்கவும் வேண்டியதில்லை. வாதத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் வெள்ளை மாளிகையில் எதுவும் மாறப் போவதில்லை. ஆனால், ஒரு லட்சம் டாலர் செய்தி வந்த அந்த ராத்திரி மாதிரி இன்னொரு ராத்திரி வரும். அப்போது அங்கிருந்து ஒருவர் 'என்ன செய்யறதுன்னே தெரியலை' என்று எழுத, 'பதறாதீங்கண்ணே, காலைல முழு விவரம் வரட்டும்' என்று சொல்ல இங்கே ஒருவர் முழித்திருக்க வேண்டும். நேற்றைய சண்டையில் அந்த ஒருவரை இழந்துவிடாமல் இருந்தால் சரி.