பந்து காலைவிட்டுப் போன பின்பு

களமும் காலும் – 19

தை மாதக் கடைசியில் சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் வீட்டுக் கொல்லைக்கு வந்து போராக ஏறி, உளுந்தோ பயறோ தெளிக்காமல் விட்ட ஒன்றிரண்டு வயல்களில் மண் இறுகத் தொடங்கியதும், வெண்ணாற்றங்கரையிலுள்ள எங்கள் சிற்றூர்ப் பிள்ளைகள் நான்கு சவுக்குக் கழிகளை நட்டு அவ்வயலையே கால்பந்து மைதானமாக ஆக்கிக்கொள்வது வருஷந்தோறும் நிகழ்கிறது. அறுத்த தாள் வெறுங்காலைக் குத்தும். அதைப் பொருட்படுத்துவோர் இல்லை. வரப்பின்மேல் அமர்ந்து பல ஆண்டுகளாக நான் அங்கே கண்டுவரும் காட்சி ஒன்றுண்டு. எந்தக் கட்சியிலும் காலில் மாயம் வைத்திருக்கும் ஒருவன் இருப்பான். பந்து தன்னிடம் உள்ளவரையில் மூவரையும் நால்வரையும் ஏய்த்து ஓடுவான். அது பறிபோன கணத்திலோ இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவான். எதிர்க்கட்சியார் அதே பந்தைக் கொண்டுபோய்க் கோல் போடுவதை, வரப்பிலிருக்கும் எங்களைப் போலவே அவனும் வேடிக்கை பார்ப்பான். அவனை வையவும் மனம் வராது. நம்பவும் மனம் துணியாது.

பிரான்ஸ் தேசத்து முன்கள வீரர் உஸ்மான் டெம்பெலேயின் ஆட்டத்தைக் காணும்போதெல்லாம் அந்தப் பையனின் முகமே எனக்கு நெடுங்காலம் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது வருவதில்லை. அது ஏன் என்பதே இவ்வாரக் கட்டுரையின் விஷயம்.

நார்மண்டிப் பகுதியில் 1997ஆம் ஆண்டு பிறந்து, எவ்ரூ நகரத்து எளிய குடியிருப்பு ஒன்றில் தாயின் பராமரிப்பில் வளர்ந்த அவருக்கு இரண்டு கால்களும் ஒன்றுபோலப் பேசும். எது வலுவான கால் என்று எதிரில் நிற்கும் பின்கள வீரன் ஊகிப்பதற்குள் அவர் கடந்து போயிருப்பார். ரென் கழகத்தில் ஒரு பருவம், ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு பருவம். அவ்வளவில் 2017ஆம் ஆண்டு, நெய்மார் விட்டுச்சென்ற இடத்தை நிரப்புவதற்காக பார்சிலோனா கழகம் பத்துக் கோடி ஐம்பது லட்சம் யூரோவும், மேற்கொண்டு தரவேண்டிய தொகைகளும் ஒப்புக்கொண்டு அவரை அழைத்துக்கொண்டது. அந்த மாற்றத்தை வற்புறுத்தும் பொருட்டு டோர்ட்மண்டின் பயிற்சிக்கே வராமல் அவர் தலைமறைவாக இருந்ததையும், அதற்காகக் கழகம் அவரை விலக்கிவைத்ததையும் மறைப்பதற்கில்லை. இருபது வயதில் செய்த பிழை அது, எனினும் பிழைதான்.

பார்சிலோனாவில் ஆறு பருவங்கள், 185 ஆட்டங்கள், 40 கோல்கள். காலம் தவறி வருகிறார், பயிற்சிக்கு வராமலே நின்றுவிடுகிறார் என்ற குற்றச்சாட்டுகள் ஸ்பெயின் பத்திரிகைகளில் ஓயவில்லை. ஆயினும் சோம்பேறி என்று அவருக்குச் சூட்டப்பட்ட பட்டத்தில் பாதிக்குமேல் அநியாயம் என்பது என் அபிப்பிராயம். வந்து சேர்ந்த மறுமாதமே, 2017 செப்டம்பரில், கெடாஃபே கழகத்துக்கெதிரான ஆட்டத்தில் இடத்தொடைத் தசைநாண் அறுந்து, ஃபின்லாந்து சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். தேறி வந்தால் மீண்டும் தொடை, மீண்டும் ஓய்வு. ஓடினால் அறுந்துவிடுமோ என்ற பயத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஓடும் ஓர் இளைஞனின் தயக்கத்தை, தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அலட்சியம் என்று எளிதில் பெயரிட்டுவிடுகிறார்கள். உடம்பு ஓரளவு ஒத்துழைத்த 2021–22 பருவத்தில் ஸ்பெயின் லீக்கிலேயே அதிகமாக, 13 கோல்களுக்கு வழி அமைத்துக் கொடுத்தவர் அவரே. அடுத்த பருவத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு ஒரு பெனால்டியைக் கொடுத்து, முதற்பாதி முடியுமுன்பே களத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டவரும் அவரேதான். ஏற்றமும் தாழ்வும் இப்படி மாறி மாறி வந்தமையால், எந்தப் பயிற்சியாளரும் அவரை மையமாக வைத்து ஓர் அணியைக் கட்டத் துணியவில்லை.

நம் நாட்டு நாகஸ்வர வித்துவானுக்கு இந்தச் சங்கடம் இல்லை. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனையைக் கேட்ட தஞ்சை ரசிகர்கள் அதற்காக எத்தனை நாழிகையும் காத்திருக்கச் சித்தமாக இருந்தார்கள். கற்பனை ஊறும் வேளையில் அது ஊறினால் போதும், அந்த ஒரு வேளை ஒரு தலைமுறைக்குப் பேச்சாக நிற்கும். கால்பந்தோ பதினொருவர் சேர்ந்து செய்யும் வேள்வி. ஒருவன் தன் கற்பனை ஊறும்வரை நின்றுகொண்டிருந்தால், அவன் நின்ற இடத்தின் பாரத்தை மற்றப் பத்துப்பேரும் பகிர்ந்து சுமந்தாக வேண்டும்.

முக்கொம்பில் 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் மேலணை கட்டும்வரையில், காவிரியின் படுகை மணலேறி உயர்ந்துகொண்டே போக, தாழ்வான கொள்ளிடமே தண்ணீரைப் பெரிதும் இழுத்துக்கொண்டு போயிற்று என்பது எங்கள் பக்கத்து விவசாயிகள் பாட்டன் வழியாகக் கேட்டறிந்த சரித்திரம். மழைக்குக் குறைவில்லை, வெள்ளத்துக்கும் குறைவில்லை, அது வயலுக்கு வராமல் கடலுக்குப் போயிற்று. டெம்பெலேயின் வித்தையும் இருபத்தேழு வயதுவரை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

பாரிஸ் சான் ஜெர்மேன் கழகம் 2023 ஆகஸ்டில் ஐந்து கோடி யூரோவுக்கு அவரை வாங்கியது. முதற் பருவத்து பிரெஞ்சு லீக்கில் அவர் போட்ட கோல்கள் வெறும் மூன்று. மறு ஆண்டு கோடையில் கிலியன் எம்பாப்பே அக்கழகத்தைவிட்டு மாட்ரிட் சென்றபின், கோல் போடும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வெளிப்படையாக எழுந்தது. அந்தச் சந்தர்ப்பத்தில்தான், 2024 அக்டோபர் முதல் தேதி லண்டனில் ஆர்சனலை எதிர்த்து ஆடவேண்டிய அணியிலிருந்து பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே அவரை நீக்கிப் பாரிஸிலேயே விட்டுப் போனார். காயம் ஏதுமில்லை, அணி எதிர்பார்க்கும் கடமைகளைப் பூர்த்தி செய்யாதவர் ஆடத் தயாராக இல்லை என்பதே அவர் கூறிய காரணம். அவ்வாட்டத்தில் பாரிஸ் அணி 2–0 என்று தோற்றது. தோல்விக்குப் பிறகும் பயிற்சியாளர் தம் முடிவை மாற்றிப் பேசவில்லை. தலைசிறந்த வீரனை வெளியே வைத்துத் தோற்பது, அவனை உள்ளே வைத்து ஒழுங்கைத் தோற்பதைவிட மேல் என்று கருதிய அந்த மனிதரின் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். கண்டித்தார், ஆனால் கைவிடவில்லை.

மாற்றம் மறுநாளே வந்துவிடவில்லை. நவம்பரில் மியூனிக்கில் பாயர்ன் அணிக்கெதிரே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பிறகு டிசம்பர் வாக்கில், வலது ஓரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தவரை என்ரிக்கே நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். கோலின் வாயிலில் காத்திருக்கும் முன்கள வீரராக அல்ல. கீழே இறங்கிப் பந்தை வாங்கித் தோழர்களுக்கு இடம் திறந்துவிட்டு, பந்து பறிபோனால் முதல் ஆளாகப் பாய்ந்து தடுக்கவேண்டியவராக. தாக்குதலின் முதல் மனிதர் எவரோ அவரே தற்காப்பின் முதல் மனிதருமாயினார். ஓரத்தில் இருப்பவன் சற்று நின்றால் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். நடுவில் இருப்பவன் நின்றால் அணி முழுவதும் திறந்துபோகும். அந்தப் பொறுப்பே அவரை ஓடவைத்தது என்று நினைக்கிறேன். ஜனவரிக் கடைசியில் ஸ்டுட்கார்ட்டுக்கெதிராக மூன்று கோல், மூன்று நாள் கழித்து பிரெஸ்ட்டுக்கெதிராக மறுபடியும் மூன்று, மார்ச்சில் லிவர்பூல் மண்ணில் ஒன்று. ஏப்ரல் 29ஆம் தேதி, தம்மை அழைத்துச் செல்லாமல் விட்ட அதே ஆர்சனல் மைதானத்தில், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் நான்காவது நிமிஷத்தில் அவர் அடித்த ஒரே கோல் அன்றைய வெற்றியைத் தந்தது. பருவ முடிவில் எல்லாப் போட்டிகளும் சேர்த்து அவர் கணக்கில் 35 கோல்கள்.

எனினும் அவர் ஒரு கோலும் போடாத ஆட்டமே எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. 2025 மே 31, மியூனிக் நகரம், இன்டர் மிலான் அணியோடு இறுதியாட்டம். இன்டரின் கோல்கீப்பர் யான் சோமர் பந்தைத் தரையில் வைத்து உதைக்கத் தயாராகும் ஒவ்வொரு தடவையும், பெனால்டி எல்லைக்கோட்டின் விளிம்பில், ஓட்டப்பந்தயக்காரன் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல உடம்பை முன்னே சாய்த்து, கண்ணைப் பந்தின்மேல் வைத்து ஒருவர் நின்றார். அவரே டெம்பெலே. சோமரின் கால் அசைந்ததும் பாய்வார். பந்து பக்கத்துப் பின்கள வீரனுக்குப் போனால் அவனை நோக்கித் திரும்பிப் பாய்வார். பந்து கிடைக்காவிட்டாலும் எதிரியின் நிதானம் கலைந்துபோகும். காமிரா அந்த நிலையை மீண்டும் மீண்டும் காட்டிற்று. பந்து பறிபோனதும் இடுப்பில் கைவைத்து நிற்கும் அந்த வயல்காட்டுப் பையனை நான் முற்றிலும் மறந்துபோனது அன்றிரவுதான். ஹகிமி ஒன்று, பத்தொன்பது வயதுத் தெசிரே துவே இரண்டு, க்வாரட்ஸ்கேலியா ஒன்று, மாயுலு ஒன்று என ஐந்து கோல்கள்; அவற்றுள் துவேயின் முதல் கோலுக்கும் க்வாரட்ஸ்கேலியாவின் கோலுக்கும் பந்தை அனுப்பியவர் டெம்பெலே. பாரிஸ் கழகம் முதல்முறையாக அக்கோப்பையை ஏந்தியது. உலகின் சிறந்த வீரருக்குரிய பாலன் டி'ஓர் விருதை அன்றிரவு அவர் தடுத்தாடிய விதத்துக்காகவே தாம் கொடுத்துவிடுவதாக என்ரிக்கே சொன்னார். பாரிஸிலே விட்டுப்போன அதே என்ரிக்கே.

விருது செப்டம்பர் 22ஆம் தேதி பாரிஸ் ஷாத்தலே அரங்கில் வழங்கப்பட்டது. முந்திய நாள் நடக்கவேண்டிய மார்செய் ஆட்டம் கடும் மழையால் அன்றைக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தபடியால் தோழர்களிற் பலர் அங்கே ஆடிக்கொண்டிருந்தனர். தொடைக் காயத்தால் ஆட இயலாத டெம்பெலே மேடைக்கு வந்தார். ரொனால்டினோ கையிலிருந்து தங்கப் பந்தை வாங்கிக்கொண்டு, தோழர்களுக்கும் என்ரிக்கேக்கும் நன்றி கூறி வந்தவர், தாயின் பெயரைச் சொல்ல நேர்ந்த இடத்தில் மேலே பேச முடியாமல் நின்று அழுதார். தாயார் மேடையேறி வந்து மகனருகில் நின்றார்.

(தொடரும்)