ஃபோண்டாவில் மெனு கேட்காதீர்கள்

மெக்சிகோவில் பன்னிரண்டு மணிக்கே மதியச் சாப்பாடு தேடுகிறவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர்தான். அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிவாக்கில் தொடங்கும். நாலு மணிக்கும் மேசைகள் நிறைந்திருக்கும். அன்றைய பெரிய சாப்பாடு அதுதான். ராத்திரிக்கு ஒரு ரொட்டி, ஒரு டாக்கோ என்று பலரும் முடித்துக்கொள்வார்கள். இந்த நேரக் கணக்குப் பிடிபடாமல் ஊர் சுற்றுகிறவர்கள், பசி தாங்காமல் சதுக்கத்து ஓரம் ஆங்கில மெனு வைத்த கடையில் உட்கார்ந்து, சீஸ் உருக்கி ஊற்றிய எதையோ தின்றுவிட்டு, மெக்சிகோ சாப்பாடு இவ்வளவுதானா என்று ஊர் திரும்புகிறார்கள்.

ஒரு மணிவரை பொறுத்திருந்தால் ஃபோண்டாக்கள் தயாராகிவிடும். ஃபோண்டா என்பது வீட்டுச் சமையலைத் தெருப்பக்கம் திறந்துவைத்த மாதிரியான சின்னச் சாப்பாட்டுக் கடை. ஏழெட்டு மேசை, பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, பெரும்பாலும் ஒரு பெண்மணியின் ஆட்சி. வாசலில் ஒரு பலகையில் அன்றைய சமையலைச் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். 'கொமிதா கொர்ரிதா' என்ற அளவுச் சாப்பாடுதான் இங்கே விசேஷம்: முதலில் சூப், அடுத்துச் சோறோ சேமியாவோ, பிறகு குழம்போடு ஒரு கறி, கூடவே பழச்சாறு கலந்த தண்ணீர், கடைசியில் சிறு கிண்ணத்தில் இனிப்பு. பல ஊர்களில் இன்றும் 100 பெசோவை ஒட்டி, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய்க்கு, வயிறு நிறையும்.

மெனு கேட்டால் அந்த அம்மாள் கொஞ்சம் வியப்பாகத்தான் பார்ப்பார். காலையில் சந்தையில் என்ன கிடைத்ததோ அதை வைத்து மூன்று நான்கு கறி சமைத்திருப்பார், அவற்றை ஒப்பிப்பார், ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்று தீர்ந்துவிட்டால் பலகையில் அந்த வரியை அழித்துவிடுவார். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. பயணத்தில் எதைத் தின்பது என்று முடிவெடுத்தே பாதிப்பேர் களைத்துப் போகிறோம்.

தமிழ் நாக்குக்கு முதலில் இடறுவது சோறு. தக்காளி போட்டுச் சிவப்பாக வெந்த சோறு தனியாக, கறிக்கு முன்பே வந்துவிடும். குழம்பு வரட்டும் என்று தட்டைப் பார்த்துக் காத்திருந்தால் ஆறிப்போகும். அதைத் தனியாகச் சாப்பிட்டு முடித்தாக வேண்டும். குழம்புக்குத் துணை டோர்ட்டியா என்ற தட்டை ரொட்டிதான். துணி சுற்றிய கூடையில் சுடச்சுட வரும், கேட்கக் கேட்கக் கொடுப்பார்கள். தண்ணீரில் ஒரு வகை புளித் தண்ணீர், சர்க்கரை போட்டு! கப்பலேறிப் போன நம் புளி அங்கே ரசமாகாமல் சர்பத் ஆகிவிட்டது. குடித்துப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது.

அந்த டோர்ட்டியாவில்தான் மொத்தச் சமையலும் இருக்கிறது என்பது என் கட்சி. முந்தின நாள் சோளத்தை — நாம் மக்காச்சோளம் என்பதை — சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து இரவெல்லாம் ஊறவிடுகிறார்கள். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பு. காலையில் தோல் வழுக்கிக்கொண்டு வரும். அலசி அரைத்தால் மாவு ஒட்டும் பதத்துக்கு வந்துவிடும். சுண்ணாம்பு படாத சோள மாவில் இந்தப் பிடிமானம் வராது. இன்னொரு பெரிய காரியமும் நடக்கிறது: சோளத்துக்குள் சிக்கிக் கிடக்கும் நியாசின் சத்து சுண்ணாம்பு பட்டதும் உடம்புக்குக் கிடைக்கும் நிலைக்கு வருகிறது. ஐரோப்பியர் அமெரிக்காவிலிருந்து சோளத்தை எடுத்துப்போனார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பியிருந்த வட இத்தாலி, ஸ்பெயின் ஏழைகளை நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது. மெக்சிகோவின் கிராமத்துப் பெண்கள் அந்த நோய்க்கான விடையை ராத்திரி ராத்திரி ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பாக்கெட் மாவு வந்துவிட்டது. அவசரத்துக்கு அதில் சுட்டுப்போடும் கடைகள் நகரங்களில் ஏராளம். வித்தியாசம் மூக்குக்கே தெரியும்: ஊறவைத்து அரைத்த மாவில் சுட்டதில் மழை பட்ட மண்சுவர் மாதிரி ஒரு வாசம். மெக்சிகோவுக்கே உரிய சோள இனங்கள் 59 என்று அங்குள்ள பல்லுயிர் ஆணையம் கணக்கிட்டிருக்கிறது. நீலக் கருப்பு, சிவப்பு, மஞ்சள் என்று டோர்ட்டியா நிறம் மாறி மாறி வரும் கடை கிடைத்தால் விடாதீர்கள்.

தெற்கே வஹாக்கா மாநிலத்துக்குப் போனால் சங்கதி இன்னும் ருசியாகிறது. அங்குள்ள கீலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த சோளக் கதிர்களின் வயது ஆறாயிரம் ஆண்டுக்கு மேல். தலைநகரான வஹாக்கா நகரில் '20 நவம்பர் சந்தை' என்று ஒரு சந்தை. 1910இல் புரட்சி தொடங்கிய நாளின் பெயர். அதற்குள் ஒரு நடை முழுக்கப் புகை மண்டிக் கிடக்கிறது. இருபுறமும் கரி அடுப்பு, மேலே கொடியில் துணி காயப்போட்டதுபோல் மெல்லிசாக அறுத்த மாட்டிறைச்சியும் மிளகாய் தடவிய பன்றி இறைச்சியும். கறியை எடை போட்டு வாங்க வேண்டும், அங்கேயே சுட்டுத் தருவார்கள். டோர்ட்டியா இன்னொருவரிடம். வெங்காயத்தாளும் பச்சை மிளகாயும் வேறொருவரிடம். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காசு வாங்கிக்கொள்கிறார்கள். நெருக்கியடித்த பெஞ்சில் முன்பின் தெரியாத குடும்பத்தோடு உட்கார்ந்து, கண்ணில் புகை கரிக்கக் கரிக்கத் தின்ன வேண்டும். சட்டை மறுநாளும் மணக்கும்.

அதே சந்தையின் மற்ற வரிசைகளில் மோலே என்ற அரைத்த குழம்பு. வஹாக்காவுக்கு ஏழு மோலே என்று வழக்காகச் சொல்வார்கள். அவற்றில் கருப்பு மோலேதான் மகாராணி. 'சில்வாக்லே' என்ற உள்ளூர் மிளகாயைக் கருக வறுத்து, எள், பாதாம், திராட்சை, கிராம்பு, பட்டை, மிளகு, நேந்திரம் மாதிரியான வாழைப்பழம், கொஞ்சம் சாக்லேட் என்று இருபதுக்கு மேற்பட்ட சாமான்களோடு அரைத்து, கொழுப்பில் வதக்கிக் கொதிக்கவிடுகிறார்கள். சாக்லேட் போட்ட குழம்பா என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. அது துளிதான், தித்திப்பை அது தீர்மானிப்பதில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நாள்கணக்கில் செய்வதை ஃபோண்டாவில் தினப்படி பரிமாற முடிவதற்குக் காரணம், அரைத்த விழுது சந்தையில் எடைபோட்டுக் கிடைப்பதுதான்.

1962 முதல் 1968 வரை டெல்லியில் மெக்சிகோ தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ், 1995இல் வந்த தம் இந்திய நூலில் மோலேயையும் நம் கறிக் குழம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அரைப்பதிலும் வதக்குவதிலும் உறவு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மஞ்சள் இல்லை, தாளிப்பு இல்லை. நம் குழம்பில் நாம் பயந்து தவிர்க்கும் கருகல்தான் அங்கே ருசியின் அடிப்படை. கவிஞருக்கு உறவு தெரிந்தது, எனக்கு அந்தக் கருகல்தான் நாக்கில் நின்றது.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கறி வேண்டாம் என்றால் கறியை மட்டும்தான் விடுவார்கள். பீன்ஸ் பன்றிக் கொழுப்பில் வெந்திருக்கலாம், சோறு கோழிச் சாற்றில். 'மந்தேகா' இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. அது பன்றிக் கொழுப்பு. பூசணிப் பூ, சோளக் கதிரில் பூத்த கருப்புப் பூஞ்சை, அடைத்துப் பொரித்த மிளகாய் என்று தின்ன எவ்வளவோ உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் நொபால்: நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிக்குச் சொந்தக்காரன். முள்ளைச் சீவி நறுக்கி வதக்கினால் வெண்டைக்காயின் வழவழப்பும் இளம்புளிப்பும். இந்தக் கள்ளியில் வாழும் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்தால்தான் வஹாக்கா ஒரு காலத்தில் கொழித்தது. அதற்கு ஆசைப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாய வியாபாரம் அவர் நினைத்தபடி தேறவில்லை.

சாப்பிட்டு முடித்தாலும் பில் வராது. கேட்காமல் பில்லை வைப்பது எழுந்துபோ என்பது மாதிரி. அங்கே அது மரியாதைக் குறைவு. 'லா குவெந்தா' என்று நாம்தான் கேட்க வேண்டும். வெளியேறும்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அந்நியர்களைப் பார்த்து 'ப்ரொவேச்சோ' என்று சொல்லிவிட்டுப் போவார்கள், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று. முதலில் கூச்சமாக இருக்கும். இரண்டாம் நாளே பழகிவிடும்.

2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலைப் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. 2024இல் மிஷெலின் வழிகாட்டி முதல்முறையாக அந்த நாட்டுக்கு வந்து, மெக்சிகோ நகரத்தில் நின்றுகொண்டே சாப்பிடும் 'எல் கலிஃபா தெ லியோன்' என்ற சின்ன டாக்கோ கடைக்கும் ஒரு நட்சத்திரம் கொடுத்தது. அந்தக் கடையின் முன் உலகமே வரிசை கட்டியது. போகிறவர்கள் போகட்டும், டாக்கோ நன்றாகத்தான் இருக்குமாம். நட்சத்திரம் பெற்ற கடையில் மணிக்கணக்கில் நிற்கும் நேரத்தில் பக்கத்துத் தெரு ஃபோண்டாவில் சூப்பிலிருந்து இனிப்பு வரை முடித்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு.

ஐந்து மணிக்கு மேல் ஃபோண்டாவில் நாற்காலியைக் கவிழ்த்துவிடுவார்கள். அதற்குள் போக முடியாதவர்கள் வஹாக்காவில் கவலைப்பட வேண்டாம். இருட்டியதும் தெருமுனைகளில் கரி அடுப்பு ஏறும். தாம்பாள அகலத்துக்கு மொறுமொறுப்பான டோர்ட்டியாவில் பீன்ஸ் விழுதைப் பூசி, இழை இழையாகப் பிரியும் உள்ளூர்ச் சீஸைத் தூவிச் சுட்ட 'த்லாயுடா' நடுராத்திரி தாண்டியும் கிடைக்கும். ஒன்றே இருவருக்குப் போதும். பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்பவர்கள் அடுப்பில் ஏற்றும் முன்பே சொல்லிவிட வேண்டும்.