வாட்டு இலவசம், வழிச்செலவு யாருடையது?

அரசாங்கம் கட்டுப்பணத்தில் ஒரு பங்கைச் செலுத்த, மீதியை நாம் கட்டி ஆளுக்கொரு மருத்துவக் காப்புறுதி எடுக்கும் ஏற்பாடு இலங்கையில் இல்லை. தமிழ்நாட்டில் 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் போன்ற குடும்ப அட்டையும் இங்கில்லை. நமது நாடு வேறு வழியில் போனது. 1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். எழுபதுகளில் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கிப் பார்த்து, 1977இல் அதையும் விட்டார்கள். திருகோணமலை மாவட்டத்தில் நம் புல்மோட்டை தள வைத்தியசாலையில் கட்டில் கிடைத்தால், அதற்கான கட்டுப்பணம் நாட்டின் வரியிலிருந்து ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது என்றே பொருள்.

அதனால்தான் காப்புறுதி முகவர் வீட்டுக்கு வந்தால் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். எந்தப் பத்திரம் நல்லது என்பது இரண்டாவது கேள்வி. இலவசத்துக்கு வெளியே நம் பணம் எங்கே போகிறது என்பதே முதலாவது.

இலவசம் முடியும் இடம்

இலங்கையின் மொத்தச் சுகாதாரச் செலவில் பத்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் மக்களின் சட்டைப்பையிலிருந்தே போகிறது. ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை பார்மசியில் வாங்குகிறோம். ஸ்கேன் எடுக்க நாள் தள்ளிக் கொடுத்தால் வெளியே எடுக்கிறோம். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இது எல்லோருக்கும் உறைத்தது.

புல்மோட்டைக்கு இன்னொரு செலவும் உண்டு: தூரம். பெரிய சிகிச்சை என்றால் குச்சவெளி, நிலாவெளி தாண்டி, ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால் திருகோணமலைக்கு அனுப்புவார்கள். அங்கும் முடியாவிட்டால் கண்டி அல்லது கொழும்பு. அவசரமென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட பின் திரும்பி வருவதும், மாதாமாதம் கிளினிக் போவதும், கூட நிற்பவரின் சாப்பாடும் தங்குமிடமும் நம் பாடு. படுத்திருப்பவர் கடல் தொழிலாளி என்றால் அத்தனை நாளும் வருமானமும் இல்லை. எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் வராத இந்த இழப்புதான், என் கணக்கில், பல வீடுகளைக் கடனில் தள்ளுவது.

ஏற்கெனவே கையில் இருப்பவை

அரச ஊழியருக்கு அக்ரஹார. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது. சம்பளத்தில் மாதந்தோறும் சிறு தொகை வெட்டப்படும். கூடுதலாகக் கட்டினால் வெள்ளி, தங்கம் என்ற மேல் படிகளுக்குப் போகலாம். வாழ்க்கைத்துணையும் பிள்ளைகளும் அதற்குள் வருகிறார்கள். கனிய மணல் நிறுவனம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் தங்களுக்குரிய மருத்துவத் திட்டம் எதுவென்று நிருவாகத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு சுரக்‌ஷா. 2017இல் தொடங்கியது, கட்டுப்பணம் முழுவதும் அரசினுடையது. 2022 முடிவில் நின்றுபோய் 2024இல் மறுபடி வந்தது. ஒருமுறை நின்ற திட்டம் என்பதால் இந்த ஆண்டு நடப்பில் இருக்கிறதா என்று அதிபரிடம் கேளுங்கள்.

இரண்டிலும் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. அரச வாட்டில் காசில்லாமல் படுத்திருந்தாலும், தங்கிய நாட்களுக்குப் பணம் கேட்கலாம். ‘செலவே இல்லையே, எதைக் கேட்பது’ என்று விட்டுவிடாதீர்கள். அதற்கு, வாட்டிலிருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட் வேண்டும். வீட்டுக்கு வரும்போதே அதைப் பிரதி எடுத்து வையுங்கள். விண்ணப்பத்துக்குக் காலக்கெடுவும் உண்டு.

கடலுக்கும் வயலுக்கும் போகிறவருக்கு

அரச வேலையும் இல்லை, பள்ளி வயதும் இல்லை என்றால் மேற்சொன்ன இரண்டும் இல்லை. ஊரில் பெரும்பாலோர் இந்த வகைதான். இதய சத்திரசிகிச்சை, புற்றுநோய், சிறுநீரக மாற்று போன்ற பெருஞ்செலவுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. முன்பு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது; 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். புல்மோட்டையாருக்கு அது குச்சவெளி. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த உடனேயே போய்விட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றிருக்கக் கூடாது. பதவி ஸ்ரீபுர பக்கம் பரவியிருக்கும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் போன்றவற்றால் பாதிக்கப்பட்ட வறிய குடும்பங்களுக்கு மாதக் கொடுப்பனவு தனியாக உண்டு. அதற்கும் பிரதேச செயலகமே வாசல்.

பத்திரம் வாங்குவதானால்

இதற்குமேல் மாதம் கொஞ்சம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு மட்டும் இது. தனியார் மருத்துவக் காப்புறுதியில் இரண்டு வகை. ஒன்று பில்லைப் பார்த்துப் பணம் தருவது. மற்றது, ஆஸ்பத்திரியில் தங்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தருவது. முகவர்கள் முதல் வகையைத்தான் கொழும்பின் பெரிய ஆஸ்பத்திரிகளின் பெயர்களோடு காட்டுவார்கள். புல்மோட்டையில் இருப்பவர் நெஞ்சுவலியோடு முதலில் போகுமிடம் அரச வாட்டுதான். அங்கே பில்லே இல்லை. ஆகவே நாட்கணக்கில் தருவதும், அரச ஆஸ்பத்திரிக்கும் செல்லுபடியாவதுமான பத்திரமே அன்றாட உழைப்பாளிக்குப் பொருந்தும். வட்டி சார்ந்த காப்புறுதியில் மார்க்க ரீதியாகத் தயக்கம் உள்ளவர்கள் தகாபுல் முறையைத் தேடலாம். 1999இலிருந்து இலங்கையில் அது இருக்கிறது.

கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள். பத்திரம் எடுத்து எத்தனை மாதத்துக்குப் பிறகு பணம் தருவார்கள்? ஏற்கெனவே உள்ள சீனி, பிரஷர் சேருமா? கட்டுப்பணம் ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும்? படிவத்தில் நோய்களை மறைக்கச் சொல்லும் முகவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சின்ன விடயமென்று அவர் சொல்லும் அதே மறைப்பைக் காட்டித்தான் பின்னால் பணத்தை மறுப்பார்கள்.

வெளிநாடு போகிறவர்கள்

சவூதியில் தனியார் துறை ஊழியருக்கு மருத்துவக் காப்புறுதி எடுப்பது முதலாளியின் கடமை. துபாயிலும் அப்படியே, அந்தக் கட்டணத்தை ஊழியரின் சம்பளத்தில் வெட்டவும் கூடாது. இலங்கையின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போகிறவருக்கு இங்கும் ஒரு காப்புறுதி சேர்கிறது. பதியாமல் போனால் அது கிடையாது.

பணம் தர மறுத்தால்

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நிறுவனத்துக்கு முறையிட்டும் தீரவில்லையென்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம், காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம். சட்டத்தரணி தேவையில்லை. பத்திரத்தின் பிரதி, மறுப்புக் கடிதம், டயக்னோசிஸ் கார்ட், கட்டுப்பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும்.