பிரிட்ஜுக்கும் மூச்சு விட இடம் வேண்டாமா?

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பனவடலிசத்திரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். 'வடலி' என்றால் இளம் பனை. ஊர்ப் பெயரிலேயே பனை நிற்கிறது, நிழல்தான் நிற்பதில்லை! சங்கரன்கோவில் வட்டாரம் முழுவதுமே இந்தக் கதைதான்.

இப்படிப்பட்ட ஊரில் பிரிட்ஜ் இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. கைக்குழந்தைக்குப் பால், மாமியாருக்கு இன்சுலின், நாளைக்கு இட்லி மாவு, புளியங்குடியிலிருந்து வாங்கி வந்த எலுமிச்சம்பழம் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஐந்து நிமிஷம் ஓடும் மிக்ஸியை உடனே கழுவித் துடைக்கிறோம். இரவு பகலாக உழைக்கும் பிரிட்ஜை மட்டும் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போதுதான் திரும்பிப் பார்க்கிறோம். இது நியாயமா, சகோதரிகளே?

மண்பானை சொல்லும் பாடம்

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குகிறது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். மண்பானையைப் பாருங்கள். அதன் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டையும் கொண்டு போகிறது. பிரிட்ஜிலும் குழாய்க்குள் ஒரு திரவம் ஆவியாகி உள்சூட்டை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளிக்குழாய்க்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டை விட்டுவிட்டு அது மறுபடி திரவமாகிறது. காற்றாடாத மூலையில் வைத்த பானை எப்படிக் குளிராதோ, அப்படியே காற்றாடாத பிரிட்ஜும் திணறும்.

போன கோடையில் பக்கத்து வீட்டு இளம் தாய் பதறிக்கொண்டு வந்தாள். "மதினி, பிரிட்ஜ் ராத்திரி பூரா நிக்காம ஓடுது. ஆனா காலையில பிள்ளைக்குக் காய்ச்சினா பால் திரிஞ்சு போகுது. பார்க்க வந்தவரு காஸ் போயிட்டு, மூவாயிரம் ஆகும்ங்காரு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் பீரோ, மறுபக்கம் அரிசி மூட்டை, தலைக்கு மேல் போர்வை அடுக்கு. பின்பக்கமோ சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத் தகட்டில் கை வைக்க முடியவில்லை, அத்தனை சூடு! காஸ் போயிருந்தால் தகடு அப்படிச் சுடாது. பீரோவை நகர்த்தி, மூட்டையை எடுத்து, கம்ப்ரஸர் பக்கம் அப்பியிருந்த ஒட்டடையைத் துடைத்தோம். மறுநாள் பால் திரியவில்லை. மூவாயிரமும் மிச்சம்.

ஆகவே பின்புறம் அரை அடி, பக்கங்களில் நாலு விரல் அகலமாவது இடம் விடுங்கள். அடுப்புக்கும் மேற்கு ஜன்னல் வெயிலுக்கும் தூரமாக வையுங்கள். பழைய மாடல்களில் பின்னால் கறுப்புக் கம்பிவலை இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெல்லிய பிரஷால் அதைத் தட்டிவிடுங்கள். புதிய மாடல்களில் அந்தக் குழாய் பெரும்பாலும் பக்கத் தகட்டுக்குள்ளேயே ஓடுகிறது. பூப்போட்ட உறை தைத்து மூடிவிடாதீர்கள்!

கதவே காவல்

சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸ் 1842-ல் கட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்த ஐஸ்கட்டிகளை அங்கேதான் சேமித்தார்கள். கப்பலில் மரத்தூளும் கரையில் கனத்த சுவரும் வெளிச்சூட்டைத் தடுத்தன. உங்கள் பிரிட்ஜில் அந்த வேலையைச் செய்வது கதவைச் சுற்றியுள்ள ரப்பர்.

ஒரு காகிதத்தைப் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் கொண்டு அழுக்கை எடுங்கள். பிறகும் சரியாகாவிட்டால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும்.

கத்தி வேண்டாம், பொறுமை வேண்டும்

ஒற்றைக் கதவுப் பெட்டியில் ஐஸ் கால் அங்குலம் ஏறியதும் உருக விட்டுவிட வேண்டும். கனத்த ஐஸ் போர்வை போல மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் சூட்டைக் குழாயிடம் சேரவிடாது. கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ குத்தவே கூடாது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்ற காஸ் இருக்கிறது, அது தீப்பற்றக்கூடியது. தவறிக் குழாய் ஓட்டையானால் அடுப்பைப் பற்றவைக்காமல், எந்த சுவிட்சையும் தொடாமல், கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

எது எங்கே?

உள்ளே 4 டிகிரி சென்டிகிரேடோ அதற்குக் கீழோ இருப்பதுதான் பத்திரம். சின்னத் தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க உள்ளே வைத்தால் காலையில் தெரிந்துவிடும். கதவுத் தட்டுதான் அடிக்கடி சூடேறும் இடம். அங்கே ஊறுகாய், சாஸ் இருக்கட்டும், பால் வேண்டாம். எடுத்து வைத்த தாய்ப்பாலை உள் தட்டின் பின்பக்கம், தேதி எழுதி வைத்து, நாலு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஃபிரீஸரை ஒட்டி வைத்து உறைந்துவிட்டால், உருகிய பிறகும் அதை உபயோகிக்கக் கூடாது. நடுத்தட்டில் சிறு டப்பாவில் வையுங்கள்.

கொதிக்கும் குழம்பை அப்படியே உள்ளே வைத்தால் பெட்டிக்கு வீண் உழைப்பு. அதற்காக ராத்திரி வரை வெளியே விட்டுவிடுவதும் ஆபத்து. சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆற வைத்து, நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள்.

கரெண்ட் போனால்

"கரெண்ட் போச்சே, பால் என்னாச்சோ?" என்று பத்துத் தடவை திறந்து பார்க்காதீர்கள். மூடியே வைத்தால் நாலு மணி நேரம் வரை குளிர் தாங்கும். வீட்டில் சுவிட்சை அணைத்தால் உடனே போடாமல் ஐந்து நிமிஷம் பொறுங்கள். குழாய்க்குள் அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரஸர் கிளம்பத் திணறும். இரவில் அணைத்து வைத்து யூனிட்டை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். காலையில் முழுச் சூட்டையும் இறக்க அது மூச்சு வாங்க ஓடும்; உள்ளே இருப்பதும் கெட்டுப் போகும்.

புதிதாக வாங்குபவர்கள் நட்சத்திரச் சீட்டைப் பாருங்கள். 2006 முதல் நம் நாட்டில் இருக்கும் ஏற்பாடு இது. நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளை ஒப்பிட அதுவே சரியான கணக்கு.

மாதம் ஒரு நாள் கால் மணி நேரம் ஒதுக்கி ரப்பரைத் துடைத்து, ஐஸைப் பார்த்து, சுற்றிலும் அடைத்து நிற்பதை அப்புறப்படுத்துங்கள். பெட்டி சத்தமில்லாமல் நின்று நின்று ஓடினால் கரெண்ட் பில் குறையும், பிள்ளையின் பாலும் கெடாது. இந்த வாரமே ஒரு காகிதத் துண்டை எடுத்துக் கதவில் வைத்துப் பாருங்களேன்!