கோலத்தோடு பெயரும் போகட்டும்

"வாசலில் கோலம் போடுகிறவளுக்குப் பெயர் எதற்கு?" என்று நம் பாட்டிமார்கள் கேட்டிருப்பார்கள். பொழுது சாய்வதற்குள் அழிந்துபோகிற சமாசாரம்தானே! ஆனால் இப்போது கோலம் அழிவதில்லை, சகோதரிகளே. செல்போனில் ஏறி ஊரெல்லாம் சுற்றுகிறது.

சிதம்பரத்தில் இருக்கும் என் நாத்தனார் மகள் படித்தது பி.காம். ஆனால் கை ஓடுவதென்னவோ கோலத்தில்தான். மார்கழித் தேருக்கு அவள் போட்ட சிக்குக் கோலத்தைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். நாலாம் நாள் அந்தப் படம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கே வாட்ஸ்அப்பில் வந்தது. ஓரத்தில் அவள் எழுதியிருந்த பெயரை வெட்டிவிட்டு, வேறு யார் பெயரையோ ஏற்றியிருந்தார்கள்!

"போனால் போகுது அத்தை, கோலம்தானே" என்றாள். எனக்கு மனசு ஆறவில்லை. படத்தைப் பார்த்துத்தானே கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் கோலம் போடக் கூப்பிடுகிறார்கள்? அந்த வருமானம் யாருக்குப் போகும்?

படம் ஊர் சுற்றுவது ஒன்றும் புதிதில்லை. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து, லட்சுமி, சரஸ்வதி படங்களை நம் பூஜை அறை வரைக்கும் அனுப்பினார். அவர் பெயரும் கூடவே வந்தது. நம் காலத்தில் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஓவியர் இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கும் அந்தப் பெண்களைப் போட்டோ என்றே நினைத்துப் பலர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோன பிறகுதான், வரைந்தவர் இன்னார் என்று எங்கள் தெருவிலேயே சிலருக்குத் தெரிந்தது. எத்தனை வேதனை!

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, சொந்தக் கற்பனையில் வரைந்ததற்கு உரிமை வரைந்தவருக்கே. பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை. ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 வருஷமும் அது செல்லும். பாட்டி காலத்துப் புள்ளிக் கோலத்துக்கு மட்டும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது!

ஆனால் ஒரு கோலத்துக்காகக் கோர்ட்டுக்கு யார் அலைவது? இப்போது அவள் பெயரை ஓரத்தில் எழுதுவதில்லை. நடுத் தாமரையின் இதழுக்குள் மாவாலேயே எழுதுகிறாள். அதை வெட்டினால் கோலமே போச்சு! புள்ளி வைப்பதிலிருந்து கை ஓடுவதையும் சின்ன வீடியோவாகப் போடுகிறாள். முடிந்த கோலத்தைத் திருடலாம், போடுகிற கையைத் திருட முடியுமா? எல்லா இடத்திலும் ஒரே பெயர்தான். மாதத்துக்கு ஒன்று மாற்றினால் யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

கூலி கேட்கத்தான் நமக்கெல்லாம் கூச்சம். மாவு, காவி, பஸ் செலவு, குனிந்து நிற்கும் நாலு மணி நேரம் எல்லாம் கணக்கில் சேர வேண்டும். முன்பணம் வாங்காமல் கிளம்பாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, வாசலைப் படமெடுக்கும்போது கதவு எண்ணும் குழந்தை முகமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.