விரிசலும் பிசினும்
கான்கிரீட் தளங்களைச் சீராக்குவதில் எபாக்சியின் பயனும் வரம்பும்

1967 டிசம்பர் 11 ஆம் நாள் விடியற்காலையில் மகாராஷ்டிர மாநிலத்தின் சதாரா மாவட்டத்தில் கடும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. கொய்னா நகரில் வீடுகள் பல இடிந்தன. ஏறத்தாழ 180 பேர் உயிரிழந்தனர். அந்நகரை அடுத்து 103 மீட்டர் உயரத்தில் நிற்கும் கொய்னா அணை இடியாமல் தப்பியது. ஆயினும் அதன் உயரமான பகுதிகளில், முகச் சரிவு மாறும் மட்டத்தை ஒட்டிக் கிடைமட்டமாக விரிசல்கள் தோன்றின. சில இடங்களில் வெளிப்பக்க முகத்தில் நீர் கசிந்தது.

நீர் தேங்கி நிற்கும் ஓர் அணையை இடித்துவிட்டுக் கட்டுவது நடவாத காரியம். எனவே, விரிசல்களுக்குள் எபாக்சி என்னும் செயற்கைப் பிசினை அழுத்தத்துடன் செலுத்திப் பிளவுண்ட கான்கிரீட்டை மீண்டும் ஒட்டவைக்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. நம் நாட்டில் இப்பிசின் பெரும் பணியொன்றில் சோதிக்கப்பட்ட தொடக்கக் கால நிகழ்ச்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

அணையின் விரிசலும், தானியக் கிடங்கு, மருத்துவமனை, தொழிற்கூடம் ஆகியவற்றின் தரையில் காணும் விரிசலும் அளவில் பெரிதும் வேறுபட்டவை. எனினும் அவற்றைச் சீராக்கும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே. பிசின் பிளந்ததை ஒட்டும். பிளக்கச் செய்த காரணத்தை அது நீக்காது. இவ்வேறுபாட்டை உணராமல் செய்யப்படும் பழுதுபார்ப்பு ஓராண்டுக்குள் மீண்டும் செலவு வைக்கும்.

விரிசல் தோன்றும் காரணங்கள்

கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதன் இழுவலிமை அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஆகும். ஆதலால் எங்கே இழுப்பு மிகுகிறதோ அங்கே விரிசல் காண்கிறது.

இழுப்பை உண்டாக்குபவை பல. முதலாவது, உலர்தலால் நேரும் சுருக்கம். சிமெண்டுடன் வேதிவினை புரியத் தேவையான அளவைவிட மிகுதியாக நீர் சேர்த்துக் கலவையை இளக்குவது பணியிடங்களில் வழக்கமாகிவிட்டது. மிகையான நீர் பின்னர் வெளியேறும்போது கான்கிரீட் சுருங்குகிறது, நுண்துளைகளும் எஞ்சுகின்றன. இரண்டாவது, வெப்ப மாற்றம். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் மாறினால் 6 மீட்டர் நீளமுள்ள தளம் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளவோ குறுகவோ முயலும். இதற்கு இடம் தரும் இணைப்புகள் விடப்படாவிடில், தளம் தனக்கு வேண்டிய இணைப்பை விரிசலாகத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மூன்றாவது, அடியிலுள்ள மண் சரிவர இறுக்கப்படாமையால் ஏற்படும் அமிழ்வு. நான்காவது, உட்கம்பி துருப்பிடித்தல். துரு, தான் உண்டாவதற்கு இடமான இரும்பைவிடப் பன்மடங்கு பருமன் உடையது. ஆதலின் அது கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது.

எல்லா விரிசலும் அஞ்சத்தக்கதன்று. ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர நெறிமுறை (2000) வலுவூட்டிய கான்கிரீட்டில் பொதுவாக 0.3 மில்லிமீட்டர் அகலம் வரையிலும், ஈரம் தொடர்ந்து படும் உறுப்புகளில் 0.2 மில்லிமீட்டர் வரையிலும் விரிசலை ஏற்கிறது. எந்த விரிசலைத் தொடவேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்வதே பணியின் முதற்படியாகும்.

எபாக்சி என்பது யாது?

1930, 1940 ஆகிய ஆண்டுகளைத் தொடர்ந்த இரு பதின்மங்களில் சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்டான், அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ ஆகியோர் தனித்தனியே செய்த ஆய்வுகளின் பயனாக எபாக்சிப் பிசின்கள் உருப்பெற்றன. பெருவழக்கிலுள்ள வகை பிஸ்பினால் ஏ, எபிகுளோரோஹைட்ரின் என்னும் இரு சேர்மங்களிலிருந்து செய்யப்படுகிறது. பிசின் தனியே இருக்கும்போது தேனைப் போன்ற திரவமாகவே நீண்ட நாள் இருக்கும். அமீன் வகையைச் சார்ந்த கெட்டிப்படுத்தியை அதனுடன் கலந்தவுடன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மீண்டும் உருகாத திண்பொருளாகின்றன.

இவ்வினையில் நீரோ கரைப்பானோ ஆவியாகி வெளியேறுவதில்லை. எனவே, கெட்டிப்படும்போது பிசின் மிகக் குறைவாகவே சுருங்குகிறது. விரிசலின் இரு சுவர்களையும் அது பற்றிக்கொள்ளும் வலிமை கான்கிரீட்டின் சொந்த இழுவலிமையினும் மிகுதி. சரியாக ஒட்டப்பட்ட கான்கிரீட்டை மீண்டும் உடைத்தால், ஒட்டிய இடத்தில் பிரியாமல் அதன் அருகிலுள்ள கான்கிரீட்டிலேயே உடையும்.

பிசினின் விலை சிமெண்டின் விலையைப் போலப் பன்மடங்காகும். ஆயினும் விரிசலுக்குத் தேவைப்படும் அளவு சிறிது. 10 மீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள விரிசலின் கொள்ளளவு 1 லிட்டர் மட்டுமே. தளத்தைப் பெயர்த்துப் புதிதாக இடும் செலவையும், பணி நிற்கும் நாள்களையும் கருதினால் இம்முறையின் சிக்கனம் புலப்படும்.

உறங்கும் விரிசலும் இயங்கும் விரிசலும்

விரிசல்களை இரு வகையாகப் பிரிக்கலாம். காரணம் ஓய்ந்துவிட்டதால் இனி விரியாதவை ஒரு வகை. சுருக்கத்தால் தோன்றிய பழைய விரிசல்கள் இவ்வகையின. வெப்பத்தாலோ மண்ணின் அமிழ்வாலோ இன்றும் விரிந்து மூடுபவை மற்றொரு வகை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிச் சில வாரங்கள் கவனிப்பது எளிய சோதனை. கண்ணாடி உடைந்தால் விரிசல் இயங்குகிறது என்பது பொருள். அகலத்தைத் தேதியிட்டுக் குறித்து வருவது இதனினும் பயன் தரும்.

எபாக்சி முதல் வகைக்கே உரியது. இயங்கும் விரிசலை அதனால் ஒட்டினால், ஒட்டிய இடம் உறுதியாக நிற்க, அதன் பக்கத்தில் புதிய விரிசல் காணும். அத்தகைய இடத்தை ஓர் இணைப்பாகவே கருதி, நேராக வெட்டி, பாலிசல்பைடு அல்லது பாலியூரிதேன் போன்ற நெகிழும் நிரப்பியால் அடைப்பதே முறை.

விரிசலை நிரப்பும் முறை

முதலில் விரிசலிலுள்ள தூசி, எண்ணெய், தளர்ந்த துகள்கள் ஆகியவை அகற்றப்பட வேண்டும். பின்னர் விரிசல் நெடுகச் சிறு குழாய்முனைகள் பொருத்தப்படுகின்றன. இரு முனைகளுக்கிடையே உள்ள தொலைவு பொதுவாகத் தளத்தின் கனத்தை ஒட்டி அமையும். முனைகளுக்கு இடைப்பட்ட பகுதி கெட்டியான எபாக்சிப் பசையால் மூடப்படுகிறது. பசை இறுகிய பின், ஒரு முனையில் நீர்த்த பிசின் அழுத்தத்துடன் செலுத்தப்படும். அடுத்த முனையில் பிசின் தலைகாட்டியதும் முதல் முனையை அடைத்து, அடுத்ததற்குச் செல்வர். செங்குத்தான விரிசலில் கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும். இல்லையேல் உள்ளே காற்று சிறைப்படும். இவ்வாறு 0.05 மில்லிமீட்டர் அகலமுள்ள விரிசல்களையும் நிரப்ப இயலும்.

கிடைத்தளத்தில் எளிய வழியொன்று உண்டு. விரிசலின் வாயை V வடிவில் அகட்டி, மிக நீர்த்த பிசினை ஊற்றினால், அது தன் எடையாலேயே உள்ளிறங்கும். விரிசல் இனியும் பிசினை உறிஞ்சாது என்னும் நிலை வரும்வரை ஊற்றுதல் வேண்டும். விரிசல் தளத்தை முற்றும் ஊடுருவியிருந்தால் பிசின் அடியிலுள்ள மண்ணுக்குள் சென்று வீணாகும். ஊற்றிய அளவைக் கணக்கிட்ட கொள்ளளவுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் இதனை உடனே கண்டுகொள்ளலாம். பணியளவுப் பதிவேட்டில் பிசினின் அளவைக் குறிப்பது கணக்குக்காக மட்டுமன்று. அது தரச் சோதனையும் ஆகும்.

வலுவிழந்த அடித்தளம்

விரிசல் இல்லாமலே தளம் நலிந்திருப்பதும் உண்டு. மிகையான நீருடன் இட்ட கான்கிரீட்டில் நீர் மேலே எழும். அதனுடன் நுண்துகள்களும் எழுந்து மேற்பரப்பில் பால் போலப் படியும். நீராற்றும் பணியும் குறைவாயின் அப்படலம் தூளாகவே இருந்துவிடும். இத்தகைய தளத்தின்மீது ஓடு பதித்தாலும், விலையுயர்ந்த மேற்பூச்சு இட்டாலும், அது அடியிலுள்ள தூளோடு பெயர்ந்து வரும். பூச்சின் குற்றமாகக் கூறப்படுவது பெரும்பாலும் அடித்தளத்தின் குற்றமே.

தளத்தின் தன்மையை அறியச் சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். வெற்றொலி எழுந்தால் அவ்விடம் உள்ளே பிரிந்துள்ளது. கூரிய ஆணியால் கீறினால் ஆழமாகப் பதிகிறதா என்று காணலாம். பணி பெரிதாயின், உலோக வில்லையைத் தளத்தில் ஒட்டி இழுத்துப் பிரிக்கும் சோதனை உகந்தது. சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன் இழுப்பைத் தாங்குவது எபாக்சி மேற்பூச்சுக்கு உரிய தளத்தின் குறைந்த அளவாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

நலிவு மேற்புறத்துச் சில மில்லிமீட்டர்களுடன் நின்றால், பால் படலத்தை அரைத்தோ கொத்தியோ நீக்கி, தூசியை உறிஞ்சியெடுத்து, நீர்த்த எபாக்சியை ஊற விட வேண்டும். பிசின் நுண்துளைகளில் புகுந்து இறுகித் தளர்ந்த மணல் துகள்களைப் பிணைக்கிறது. ஒரு பூச்சு முழுதும் உறிஞ்சப்பட்டால் மறு பூச்சு இடப்படும். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த குவார்ட்சு மணலைத் தூவினால், பின்னர் இடும் கலவைக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும். நலிவு ஆழம் முழுதும் பரவியிருந்தால் பிசின் அங்கே எட்டாது. அப்பகுதியை வெட்டியெடுத்துப் புதிய கான்கிரீட் இடுவதே சிக்கனம். தளத்தின் அடியில் மண் இறங்கிக் குழியாகியிருந்தால், முதலில் சிமெண்டுச் சாந்துக்கூழைச் செலுத்தி அக்குழியை நிரப்ப வேண்டும்.

ஈரம், வெப்பம், கலவை

ஈரம் எபாக்சிப் பணியின் முதற் பகை. அடியிலிருந்து மேலேறும் நீராவி பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். 45 சென்டிமீட்டர் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தளத்தின்மீது விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுவைத்து எடுத்தால், அடியில் நீர்த்துளி கோத்திருக்கிறதா, தளம் கறுத்திருக்கிறதா என்று காணலாம். காசு செலவில்லாத இச்சோதனை பல ஆயிரம் ரூபாய் இழப்பைத் தடுக்கும்.

பிசினையும் கெட்டிப்படுத்தியையும் தயாரிப்பாளர் கூறும் விகிதத்தில் அளந்தே கலக்க வேண்டும். கெட்டிப்படுத்தியைக் கூட்டினால் விரைவில் இறுகும் என்று கருதுவது பிழை. மிகுந்த பகுதி வினைபுரியாமல் எஞ்சிப் பிசினை மென்மையாக்கும். வினை வெப்பத்தை வெளியிடுவதால், ஒரே வாளியில் பெருமளவு கலந்தால் அது சூடேறி வாளியிலேயே இறுகிவிடும். கோடைக் காலத்தில் சிறு அளவாகக் கலந்து, காலையிலோ மாலையிலோ பணி செய்வது நலம். தோலில் படும் பிசின் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். எனவே கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். கையில் பட்டதைக் கரைப்பானால் துடைக்காமல் சோப்பினால் கழுவ வேண்டும்.

கெட்டிப்பட்ட எபாக்சிக்கும் வரம்புகள் உண்டு. வெப்பத்தால் அது கான்கிரீட்டைவிடப் பல மடங்கு விரியும். மணல் சேர்ப்பதால் இவ்வேறுபாடு குறையும். சாதாரண வெப்பநிலையில் இறுகும் வகைகளுள் பல 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்குகின்றன. தீயில் அவற்றின் வலிமை நிலைக்காது. நேர் வெயிலில் மேற்பரப்பு வெளுத்துப் பொடியாகும்.

மேற்பூச்சுக்கான பொருள்களின் தரத்தை ஐ.எஸ். 9197 என்னும் தர அளவையும், அதனை இடும் முறையை ஐ.எஸ். 4631 என்னும் நெறிமுறையும் வரையறுக்கின்றன. கட்டடங்களைப் பழுதுபார்ப்பது குறித்து மத்தியப் பொதுப்பணித் துறை 2002 இல் கைநூல் ஒன்றை வெளியிட்டுள்ளது.

கொய்னா உணர்த்துவது

கொய்னா அணையை வடிவமைத்தபோது நிலநடுக்க விசை புவியீர்ப்பில் இருபதில் ஒரு பங்கு எனக் கொள்ளப்பட்டிருந்தது. 1967 இல் அணையினுள் இருந்த கருவியில் ஒரு திசையில் பதிவான உச்ச முடுக்கமோ புவியீர்ப்பில் 0.63 பங்கு. அதாவது, விரிசலுக்குக் காரணம் கான்கிரீட்டில் ஏற்பட்ட பிளவன்று. எதிர்பார்த்ததை விஞ்சிய விசைக்கு அணையின் வடிவம் போதாமையே. பிசின் பிளவை மூடி, அணை மீண்டும் ஒரே உடலாய் இயங்க வழி செய்தது. ஆனால் பொறியாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. நீர் வழிந்தோடாத பகுதிகளின் வெளிப்பக்கத்தில் கான்கிரீட் முட்டுச்சுவர்கள் எழுப்பி, 1973 இல் அவற்றை வலுப்படுத்தி முடித்தனர்.

ஒட்டுதல் ஒரு பணி. வலுப்படுத்துதல் மற்றொரு பணி. கிடங்குத் தரையாயினும் இதே முறையே பொருந்தும். மண் அமிழ்ந்திருந்தால் மண்ணைச் செப்பனிட வேண்டும். கம்பி துருப்பிடித்திருந்தால் துருவை அகற்ற வேண்டும். இணைப்பு இல்லையேல் இணைப்பு வெட்ட வேண்டும். அதன் பின்னரே பிசினுக்கு இடம். பழுதுபார்ப்புக்கான மதிப்பீட்டில் கையொப்பமிடும் அலுவலர், எத்தனை லிட்டர் பிசின் என்று கேட்குமுன், விரிசல் ஏன் வந்தது என்று கேட்பாராயின், பொதுப்பணம் ஒரே தரைக்கு இருமுறை செலவாவது தவிரும்.