வெயிலுக்கு ஒரு பம்பளிமாசுப் பானம்

வெயிலில் உழைக்கும்போது வியர்வையோடு நீரும் உப்பும் நம் உடலைவிட்டு வெளியேறுகின்றன. அதை ஈடுசெய்ய, ஈப்போவுக்கு அருகே தம்புனில் பேர்போன பம்பளிமாசைக் கொண்டே வீட்டில் ஒரு பானம் தயாரிக்கலாம்.

கால் பழத்தை உரித்து, வெள்ளைத் தோலையும் விதைகளையும் நீக்குவோம். கசப்பு அவற்றில்தான் மிகுதி. சுளைகளைப் பிசைந்து, கசக்கிய புதினா ஒரு பிடி, நான்கு கஸ்தூரி எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு தேக்கரண்டி சீனி ஆகியவற்றைச் சேர்த்து, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் கலப்போம். கால் மணி நேரம் ஊறியபின் வடிகட்டி, அன்றைக்கே குடித்துவிட வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சீனி வேண்டாம்.

ஒன்றை மறக்கலாகாது. சில மருந்துகளை உடல் சிதைப்பதைப் பம்பளிமாசு தடுக்கிறது. அதனால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும். இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் தரப்படும் மாத்திரைகள் சில இவ்வகையைச் சேர்ந்தவை. பால்மரம் வெட்டி ஓய்ந்த நம் தோட்டத்துப் பெரியவர்களில் இவற்றை உண்போர் பலர். மருத்துவரைக் கேட்காமல் அவர்களுக்கு இப்பானத்தைக் கொடுக்க வேண்டாம். உப்பைக் குறைத்து, புதினா கிள்ளிப்போட்ட நீர்மோரைக் கொடுப்போம். தாகமும் தணியும், அச்சமும் இல்லை.